லாக்கிங் ட்ரெமோலோ: புது பிரிட்ஜ் வாங்குவதா, இருப்பதையே சரி செய்வதா?

புதுத்தந்தி:

வணக்கம். என் எலக்ட்ரிக் கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் வகை லாக்கிங் ட்ரெமோலோ இருக்கிறது, அதாவது தந்திகளை இரண்டு முனையிலும் பூட்டி, பார் என்கிற கம்பியால் சுருதியை இறக்கி ஏற்றும் பிரிட்ஜ். ஒரிஜினல் இல்லை, லைசென்ஸ் வாங்கிச் செய்கிற சாதாரண ரகம், கிட்டாரோடு வந்தது. இதுவரை 9-42 செட்டில் (மெல்லிய தந்தியும் தடித்த தந்தியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு) வழக்கமான ஈ ட்யூனிங்கில் வாசித்தபோது பெரிய தொல்லை எதுவும் இல்லை. ரிதம் அழுத்தி வாசிக்கும்போது தந்தி தொளதொளவென்று இருக்கிறதே என்று 10-46 போட்டேன், அதிலிருந்துதான் எல்லாம். பிரிட்ஜின் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டிலிருந்து தந்தியின் உயரம்) ஏறிவிட்டது, லோ ஈயைச் சுருதி சேர்த்தால் ஹை ஈ இறங்குகிறது, அதை ஏற்றினால் ஜி போய்விடுகிறது, ஒரு சாயங்காலம் முழுக்க ட்யூனரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, பாரை அழுத்தி டைவ் செய்துவிட்டு விட்டால் சுருதி அதே இடத்துக்குத் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் இறங்கியே நிற்கிறது. இது 9-42 இருந்தபோதும் லேசாக இருந்த மாதிரி ஞாபகம்.

நல்ல பிரிட்ஜ் ஒன்று வாங்கி மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒரிஜினல் ஃப்ளாய்ட் ரோஸ், 1000 சீரீஸ், ஸ்பெஷல், கோட்டோ என்று படித்துப் படித்து எதை எடுப்பது என்றே தெரியவில்லை. இவற்றுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்? மாற்றினால் என் பிரச்சினை தீருமா? சில பாட்டுகளுக்கு டிராப் டி (லோ ஈயை மட்டும் டிக்கு இறக்குவது) வேண்டும், அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.


மரமும்இரும்பும்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி பிரிட்ஜின் குறையே இல்லை, எடை மாறியும் தராசைச் சரி செய்யாமல் விட்டதுதான். மிதக்கும் ட்ரெமோலோவில் ஒரு பக்கம் ஆறு தந்திகள் இழுக்கின்றன, மறுபக்கம் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. 25.5 அங்குல ஸ்கேல் கிட்டாரில் ஈ ட்யூனிங்குக்கு 9-42 செட்டின் மொத்த இழுவை சுமார் 38 கிலோ, 10-46 செட்டுக்கு சுமார் 46 கிலோ. கிட்டத்தட்ட 8 கிலோ கூடியிருக்கிறது, ஸ்பிரிங் பக்கம் நீங்கள் எதையும் தொடவில்லை, அப்படியிருக்க பிரிட்ஜ் முன்பக்கம் சாயாமல் என்ன செய்யும்? (இதே 10-46 செட்டை ஆறு தந்தியும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி ட்யூனிங்கில் வைத்திருந்தால் இழுவை ஏறக்குறைய பழைய 9-42 அளவுக்கே வந்திருக்கும், பிரிட்ஜ் பெரிதாக அசைந்திருக்காது. தந்தி அளவையும் ட்யூனிங்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

லோ ஈயை ஏற்றினால் மற்றவை இறங்குவதும் இதே கணக்குதான். ஒரு தந்தியை முறுக்கினால் பிரிட்ஜ் துளி முன்னால் சாயும், அந்தச் சாய்வில் மற்ற ஐந்தும் தளரும். இது எவ்வளவு விலையுயர்ந்த பிரிட்ஜிலும் நடக்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் படியும் துண்டு) உள்ள மூன்று பூட்டுகளையும் தளர்த்திக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் தலைப்பக்கம் முறுக்குவது வீண். ஃபைன் ட்யூனர் (பிரிட்ஜிலேயே சுருதியை நுணுக்கமாகச் சரி செய்யும் திருகு) ஆறையும் அதன் ஓட்டத்தில் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் க்ளாவும் அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீள ஸ்க்ரூவும் தெரியும். பிரிட்ஜின் அடியில் தொங்குகிற கனமான கட்டைக்கும், குழியின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள், பிரிட்ஜின் தட்டு உடலுக்கு இணையாக நிற்கும் அளவுக்குத் துண்டு இருக்க வேண்டும், அட்டையோ மெல்லிய பட்டையோ சேர்த்து அளவைச் சரி செய்யலாம். இப்போது தந்திகள் எவ்வளவு இழுத்தாலும் பிரிட்ஜ் முன்னால் சாய முடியாது. சாதாரண கிட்டாரைப் போல நிம்மதியாக ஆறையும் சுருதி சேர்க்கலாம். தந்திகளை விரலால் இழுத்து இழுத்து விட்டு, இனி இறங்காது என்கிற வரைக்கும் சேர்த்துக்கொண்டே இருங்கள், புதுத்தந்தியை நன்றாக இழுத்துப் பழக்காமல் நட்டைப் பூட்டினால் அப்புறம் ஃபைன் ட்யூனருக்கு ஓட்டமே மிச்சம் இருக்காது. சுருதி நின்றதும் க்ளா ஸ்க்ரூ இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே முறுக்குங்கள். ஒரு கட்டத்தில் மரத்துண்டு பிடி தளர்ந்து தானாக வந்துவிடும், அந்த இடம்தான் சமநிலை. பிறகு ட்யூனரில் பார்த்தால் வித்தியாசம் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஸ்க்ரூ மரத்துக்குள் முழுக்கப் போயும் பிரிட்ஜ் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் போதவில்லை என்று அர்த்தம். இப்போது மூன்று இருந்தால் நாலாவதைச் சேருங்கள். ஸ்பிரிங் கூடினால் பார் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், அது பழகிவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். ஆக்‌ஷன் ஏறிவிட்டதே என்று பிரிட்ஜைத் தாங்கி நிற்கும் இரண்டு ஸ்டட்களைத் (தடித்த திருகுகள்) திருகப் போகாதீர்கள். சாய்வு சரியானால் ஆக்‌ஷன் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். அதற்கு மேலும் தேவைப்பட்டால், கழுத்தின் வளைவை முதலில் பாருங்கள், தடிமனான செட் போட்டால் கழுத்தும் கொஞ்சம் முன்னால் வளையும், கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரி செய்யும் கம்பியான ட்ரஸ் ராடைச் சரி செய்த பிறகுதான் உயரம். ஸ்டட்டைத் திருகுவதற்கு முன் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். முழு இழுவையில் திருகினால் பிரிட்ஜ் ஊன்றித் திரும்புகிற கத்தி முனை ஸ்டட்டின் பள்ளத்தில் அரைபடும், அந்த முனை போனால் பிரிட்ஜே போன மாதிரி. 12-ஆம் ஃப்ரெட்டில் லோ ஈ 2 மில்லிமீட்டர், ஹை ஈ 1.5 மில்லிமீட்டர் என்று தொடங்கிப் பாருங்கள், பிறகு கைக்குத் தகுந்த மாதிரி மாற்றலாம்.


ஏழாம்ஃப்ரெட்:

மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கேள்வியின் இரண்டாவது பகுதியை அப்படியே விட்டுவிடக் கூடாது. டைவ் செய்தபின் சுருதி இறங்கியே நிற்கிறது, அதுவும் 9-42 இருந்தபோதே இருந்தது என்றால் அது வேறு நோய்.

முதலில் எது இறங்குகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு தந்தி மட்டும் இறங்கி மற்றவை நின்ற இடத்திலேயே இருந்தாலோ துளி ஏறியிருந்தாலோ, அந்தத் தந்தி எங்கேயோ வழுக்குகிறது. சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் துண்டு) தந்தியைப் பிடிக்கிற குட்டிச் சதுரத் துண்டு தேய்ந்து குழி விழுந்திருக்கலாம், அல்லது தந்தியை முழு ஆழத்துக்கு இறக்காமல் இறுக்கியிருக்கலாம். மாட்டும் முன் தந்தி நுனியில் உள்ள குண்டை வெட்டும்போது அதன் மேலே முறுக்கியிருக்கும் தடித்த பகுதியையும் சேர்த்து வெட்ட வேண்டும், அந்த முறுக்கு சேடிலின் வாய்க்குள் போனால் பிடி சரியாக விழாது. நட்டிலும் இதே கதை நடக்கும். நட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பட்டை இருக்கிறதல்லவா, அது தந்திகளை நட்டின் சரிவோடு ஒட்டிப் படிய வைக்கத்தான். பட்டை உயரமாக இருந்தால் பூட்டும்போது தந்தி கீழே அழுந்தும், சுருதி ஏறும். பூட்டியதும் சுருதி ஏறுகிறது என்று நிறைய பேர் புலம்புவதற்கு இதுதான் காரணம், பட்டையின் இரண்டு ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறக்கினால் போதும்.

ஆறும் சேர்ந்தாற்போல் இறங்கினால் சந்தேகம் கத்தி முனையின் மேல். ஒரு சோதனை செய்யுங்கள். பாரைக் கீழே அழுத்தி மெதுவாக விட்டு ட்யூனரைப் பாருங்கள், பிறகு மேலே இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். டைவுக்குப் பின் இறங்கியும் மேலே இழுத்தபின் ஏறியும் நின்றால், பிரிட்ஜ் திரும்பும் இடத்தில் உராய்வு இருக்கிறது, நடுப்புள்ளிக்கு வருவதற்கு முன்பே சிக்கிக்கொள்கிறது. முனையும் ஸ்டட்டும் தொடுகிற இடத்தில் ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். அது கேட்கவில்லை என்றால் தந்திகளைக் கழற்றி, பிரிட்ஜை வெளியே எடுத்து, முனையை வெளிச்சத்தில் பாருங்கள். கூர்மை மழுங்கிப் பளபளவென்று தட்டையாகி இருந்தாலோ நடுவில் பல் விழுந்திருந்தாலோ எந்தச் செட்டப்பும் அதைக் காப்பாற்றாது. ஸ்டட்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள், அது மரத்துக்குள்ளோ தன் குழலுக்குள்ளோ ஆடினால் புது பிரிட்ஜ் போட்டாலும் இதே தொல்லை தொடரும். நட்டைக் கழுத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் மறக்காமல் இறுக்கிப் பாருங்கள். இந்த இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஃப்ளாய்ட் ரோஸ் 1979-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இன்றும் அடிப்படையில் அதேதான், தந்தியை இரண்டு முனையிலும் பூட்டிவிட்டால் ட்யூனிங் கீயிலும் நட்டிலும் நழுவ இடமில்லை, மிச்சம் இருப்பது திரும்பும் முனை மட்டும். அதனால் விலை வித்தியாசம் என்பது பெரும்பாலும் உலோக வித்தியாசம்தான். ஒரிஜினலிலும் 1000 சீரீஸிலும் வடிவமும் உலோகமும் ஒன்றே, ஒரிஜினல் ஜெர்மனியில் ஷாலர் செய்வது, 1000 கொரியாவில் செய்வது. ஸ்பெஷலில் சேடில்களும் கீழ்க்கட்டையும் துத்தநாகக் கலவை, அங்கேதான் விலை குறைகிறது, காலப்போக்கில் தேய்வதும் அங்கேதான். கோட்டோவின் ஜிஇ1996டி கடினப்படுத்திய எஃகு, ஸ்டட்டை உள்ளிருந்து பூட்டிவிடும் வசதியும் அதில் உண்டு, ஸ்டட் ஆட்டம் என்ற பேச்சே எழாது. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் கோட்டோவைச் சொல்வேன். கத்தி முனையே வேண்டாம் என்று போனவர்களும் இருக்கிறார்கள், ஐபனெஸின் ஸீரோ ரெசிஸ்டன்ஸ் பிரிட்ஜ் பால் பேரிங்கில் திரும்புகிறது, காலர் (Kahler) என்கிற நிறுவனத்தின் பிரிட்ஜ் கேம் முறையில் வேலை செய்கிறது. ஆனால் இவை உங்கள் கிட்டாரில் இப்போது இருக்கும் குழியிலும் துளையிலும் அப்படியே உட்காராது, மரத்தை வெட்ட வேண்டிவரும்.


புதுத்தந்தி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மரத்துண்டு முறையில் செய்துவிட்டேன், பிரிட்ஜ் இப்போது இணையாக நிற்கிறது, நாலாவது ஸ்பிரிங் சேர்க்க வேண்டியிருந்தது. சுருதி சேர்ப்பது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஆக்‌ஷனும் இறங்கிவிட்டது.

டைவ் சோதனையில் ஆறு தந்தியும் சேர்ந்தே இறங்குகின்றன, மேலே இழுத்தால் ஏறி நிற்கின்றன. கிரீஸ் வைத்ததும் கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. கழற்றிப் பார்த்தேன், ஹை ஈ பக்கத்து முனை தெளிவாக மழுங்கியிருக்கிறது, ஸ்டட்டிலும் ஒரு பக்கம் கீறல் விழுந்திருக்கிறது. அதனால் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. என்னென்ன அளந்து பார்த்து வாங்க வேண்டும்? டிராப் டிக்கு இன்னும் பதில் வரவில்லையே.


மேப்பிள்கழுத்து:

டிராப் டியைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முழுக்க மிதக்கிற பிரிட்ஜில் டிராப் டியை வேகமாக மாற்றுவதற்கு நல்ல வழி கிடையாது. லோ ஈயை டிக்கு இறக்கினால் அந்த ஒரு தந்தியில் மட்டும் ஒன்றரை கிலோவுக்கு மேல் இழுவை குறைகிறது, ஸ்பிரிங் ஜெயிக்கிறது, பிரிட்ஜ் பின்னால் அமுங்குகிறது, மற்ற ஐந்தும் ஏறிவிடுகின்றன. அதனால் முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள், பாரை மேலே இழுத்து வாசிக்கிறீர்களா? உண்மையாகவே இழுக்கிறீர்கள் என்றால் மிதக்க விடுங்கள், டிராப் டிக்கு வேறு கிட்டார்தான் தீர்வு. இல்லை, டைவும் லேசான அதிர்வும் போதும் என்றால் பிரிட்ஜைப் பின்னால் அமுங்கவிடாமல் கட்டிவிடுங்கள்.

செய்வது எளிது. மேலே செட்டப்புக்கு மரத்துண்டை வால்பக்கம் வைத்தீர்கள் அல்லவா, இதற்கு எதிர்ப்பக்கம், அதாவது கட்டைக்கும் கழுத்துப்பக்கச் சுவருக்கும் நடுவில், நிரந்தரமாக ஒரு கெட்டியான மரத்துண்டை ஒட்டிவிடுங்கள். பிரிட்ஜ் இணையாக நிற்கும்போது கட்டை அந்தத் துண்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பிறகு க்ளாவை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் ஸ்பிரிங்குகள் கட்டையை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இப்போது லோ ஈயை இறக்கினாலும் மற்றவை அசையாது. தந்தி அறுந்தால்கூட மிச்ச ஐந்தும் சுருதியிலேயே நிற்கும், மேடையில் வாசிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை, மிதக்கிற பிரிட்ஜில் நடுப்பாட்டில் ஒரு தந்தி போனால் அந்தக் கிட்டாரைக் கீழே வைக்க வேண்டியதுதான். ஒரு தந்தியை வளைக்கும்போது பக்கத்துத் தந்தி இறங்குவதும் நின்றுவிடும், உள்ளங்கையை பிரிட்ஜில் ஊன்றி வாசித்தால் சுருதி ஏறுவதும் நின்றுவிடும். இந்த நிலையில் லோ ஈ சேடிலில் டி-ட்யூனா என்கிற சிறு கருவியை மாட்டிக்கொள்ளலாம், நட்டைத் திறக்காமலேயே இழுத்தால் டி, தள்ளினால் ஈ. அது பிரிட்ஜ் மிதக்காமல் இருந்தால்தான் வேலை செய்யும்.

மிதக்கிற பிரிட்ஜின் அந்த நடுக்கமும் மேலே எகிறுகிற சுருதியும் இதில் கிடைக்காது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஓசைக்காக வாசிக்கிறவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பாலோர் கிட்டார் அப்படி வந்தது என்பதற்காக மட்டும் மிதக்க விட்டுக்கொண்டு அத்தனை தொல்லையையும் தாங்குகிறார்கள்.


மரமும்இரும்பும்:

கடைசிக் கருத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கமும் அசைகிற பிரிட்ஜில் ஒரு நீண்ட ஸ்வரத்துக்குக் கொடுக்கிற அசைவு பாடுகிற குரலில் வருகிற கமகத்துக்கு ரொம்பவே நெருக்கம், கீழே மட்டும் அசைகிறதில் அது வரவே வராது. கொஞ்ச நாள் மிதக்க விட்டு வாசித்துப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். மரத்துண்டை ஒட்டாமல் இறுக்கமாகச் செருகினாலும் போதும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.


ஏழாம்ஃப்ரெட்:

முனை மழுங்கியது உறுதி என்றால் மாற்றலாம், தயங்க வேண்டாம். அளக்க வேண்டியவை இவை. இரண்டு ஸ்டட்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், ஒரிஜினல் வகைக்கு அது சுமார் 74 மில்லிமீட்டர், லைசென்ஸ் ரகங்களில் இது மாறும், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் முனை ஒரு பக்கமாகவே உட்காரும். ஸ்டட் உட்காரும் குழலின் விட்டத்தையும் பாருங்கள், பிரிட்ஜோடு வருகிற புது ஸ்டட்டையே போட வேண்டும், கீறல் விழுந்த பழைய ஸ்டட்டில் புது முனையை வைத்தால் அதையும் அரைத்துவிடும். அடுத்தது கீழ்க்கட்டையின் ஆழம், 32, 37, 42 மில்லிமீட்டர் என்று வருகிறது, 37 தான் வழக்கமானது, உடல் மெலிந்த கிட்டாரில் அது பின்மூடியில் இடிக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தின் நீள அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், ஃபைன் ட்யூனர் நீட்டிக்கொண்டிருக்கும் தூரம் ஒவ்வொன்றிலும் வேறு. நட் நன்றாக இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆர்2 என்பது 41.3 மில்லிமீட்டர் அகலம், ஆர்3 என்பது 42.9, கழுத்தை அளந்து பார்த்து எடுங்கள்.

பொருத்தும்போது சேடில்களைக் கழற்றினால் எது எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள். அவை மூன்று உயரங்களில் வருகின்றன, இரண்டு ஈக்கும் குட்டையானவை, ஏக்கும் பிக்கும் நடுத்தரம், டிக்கும் ஜிக்கும் உயரமானவை, ஃபிங்கர்போர்டின் வளைவுக்குத் தகுந்தபடி அப்படி வைத்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டால் ஒரு தந்தி மட்டும் காரணமே இல்லாமல் ஃப்ரெட்டில் உரசும். உங்கள் ஃபிங்கர்போர்டு தட்டையான வகை என்றால் வெளிப்பக்கச் சேடில்களின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்த வேண்டிவரலாம்.

இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வரும்படி சேடிலை நகர்த்துவது) கடைசியில்தான், பொறுமை வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். தந்தியைத் தளர்த்தாமல் சேடில் ஸ்க்ரூவைத் திறந்தால் சேடில் சட்டென்று முன்னால் பாய்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் தளர்த்து, நகர்த்து, இறுக்கு, சுருதி சேர்த்துப் பார் என்றுதான் போக வேண்டும். பூட்டு ஸ்க்ரூக்களுக்கு 3 மில்லிமீட்டர் ஆலன் கீ, இன்டோனேஷன் ஸ்க்ரூவுக்கு 2.5, இரண்டும் தேயாத நல்ல கீயாக இருக்கட்டும். பிடி கிடைக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், பலம் காட்டினால் அந்தக் குட்டிச் சதுரத் துண்டு உடையும். உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்கும், வாங்கும்போதே ஒரு செட் கூடுதலாக வாங்கி பெட்டியில் போட்டு வையுங்கள்.